தரங்கம்பாடியை விற்ற வருஷம்

மேசைக்கு வந்தது மூன்று பேர். ஆத்தூர்ப் பக்கத்தில் பூக்காடு வைத்திருக்கும் அக்கா, செல்போன் கடை நடத்தும் என் நண்பன், நான். வராதவன் ஒருவன். அவனை நாங்கள் அறிவியல்காரன் என்போம். ராமநாதபுரம் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போனவன், கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லியிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் "லீவு கெடைக்கல, ஜெயிச்சிட்டுச் சொல்லுங்க" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நாங்கள் நான்கு பேரும் திண்டுக்கல்லில் ஒன்றாகக் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்தவர்கள். அக்காவுக்கு என்னைவிட ஏழு வயது கூட. வீட்டுக்காரர் மினி லாரியில் காய்கறி ஏற்றி ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஓட்டுகிறார். ஒரு பெண் பிள்ளை, மூன்றாம் வகுப்பு.

போட்டி நடந்த இடம் பழனி சாலையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு உணவகம். வாசலில் 'பப் க்விஸ் நைட்' என்று பெரிய பேனர். நைட் என்று போட்டிருந்தாலும் சாயங்காலம் ஐந்தரைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே மஞ்சள் விளக்கு, உயரமான ஸ்டூல்கள், சுவரில் ஒரு கிதார். ஆர்டர் எடுக்க வந்த பையன் புதினா போட்ட எலுமிச்சை ஜூஸ்தான் இருக்கிறது என்றான்.

"பப்புன்னு போட்டு எலுமிச்சங்கா புழியுறான் மாப்ள. இவன் மேல கேஸ் போடலாம்யா" என்றான் நண்பன்.

"மெதுவாப் பேசு தம்பி" என்றார் அக்கா. "வீட்ல பொது அறிவுப் போட்டின்னுதான் சொல்லிட்டு வந்துருக்கேன். பப்புன்னு தெரிஞ்சா எங்க மாமியா சாமியாடிரும்."

"ஒங்க மாமியாவுக்கு பப்புன்னா என்னன்னு தெரியுமாக்கா?"

"டிவியில பாக்குதுல்ல? நமக்குத் தெரியாதது பூராம் அதுக்குத் தெரியும். பேசாம அதக் கூட்டியாந்திருக்கலாம், நாலாவது ஆளா."

அக்கா வந்தது ஜூஸுக்கும் இல்லை, பரிசுக்கும் இல்லை. போன தேர்வில் எனக்கும் அறிவியல்காரனுக்கும் வேலை கிடைத்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. கலந்தாய்வில் அவருக்கு ஒன்பது பேர் முன்னால் இடங்கள் தீர்ந்துவிட்டன. நண்பன் ஒரேயடியாகத் தோற்றுவிட்டு, கவலைப்படாமல் கடையைப் போட்டுவிட்டான். இப்போது அடுத்த தேர்வு அறிவித்திருந்தார்கள். விண்ணப்பிக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். இன்னும் ஒரு தடவை எழுதிக்கொள் என்று அக்காவின் வீட்டுக்காரர் சம்மதித்திருந்தார். ஒரே ஒரு தடவை. அக்கா என்னிடம் போனில் சொன்னது இதுதான்: "நீயும் கடைக்காரத் தம்பியும் மறுபடி ஒக்காந்து சொல்லிக் குடுத்தா எழுதுறேன்ப்பு. இல்லாட்டி பூப்பறிச்சிட்டு இருந்துக்கிறேன். சனிக்கிழம போட்டிக்கு வாரேன், அங்க வச்சுப் பேசிக்குவோம்."

எங்கள் படிப்பு முறையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பயிற்சி மையத்துக்குக் கட்ட எங்கள் யாரிடமும் பணம் இல்லை. நூலகத்துக்குப் பின்னால் இருந்த சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்துதான் படித்தோம். பாடத்திட்டத்தைப் பார்த்து நாங்கள் மூவரும் மலைத்துப் போயிருந்தபோது அக்காதான் வழி சொன்னார். "நாலு பேரும் நாலு புத்தகத்தையும் படிச்சா எப்ப முடிக்கிறது? ஆளுக்கு ஒரு பாகம் எடுத்துக்குவோம். எடுத்தவுக படிச்சிட்டு மத்தவுகளுக்குச் சொல்லணும்." சொத்துப் பிரிப்பதுபோல உலகத்தையே பிரித்துக்கொண்டோம். அறிவியலும் புவியியலும் ஒருவனுக்கு. நடப்பு நிகழ்வும் கணக்கும் நண்பனுக்கு. அரசியலமைப்பும் பொருளாதாரமும் அக்காவுக்கு. வரலாறு எனக்கு.

ஒருவர் பாகத்தை இன்னொருவர் திறக்கக் கூடாது என்பது விதி. விளையாட்டாக வைத்த விதி இல்லை. அக்கா விடிவதற்கு முன்பே எழுந்து மல்லிகை பறித்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பஸ் பிடித்து வருவார். அவருக்கு இருந்த நேரத்தில் ஒரு பாகம் படிப்பதே பெரிய காரியம். மற்ற மூன்று பாகமும் அவர் காது வழியாகத்தான் உள்ளே போயின. இந்தியாவில் வேரூன்றிய வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரையும் நான்தான் அவருக்குச் சொன்னேன். அவர் சொல்லாமல் எனக்கு ஒரு சட்டப்பிரிவுகூடத் தெரியாது. தினமும் எழுந்திருக்கும்போது அக்கா ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்பார், "ஒங்கிட்ட பாக்கி எதும் இருக்கா?" என்று. "இல்லக்கா" என்று சொன்ன பிறகுதான் சைக்கிளை எடுக்கலாம்.

போட்டியில் முதல் சுற்றே அறிவியல். மைக் பிடித்திருந்த இளைஞர் கேள்வியை வாசிக்க, நாங்கள் தாளில் பதில் எழுத வேண்டும். எங்கள் மேசையில் அந்தப் பாகமே இல்லை. ராமநாதபுரத்தில் இருந்தது.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "இத அவன் சொல்லிருக்கான்" என்றார் அக்கா. கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஞாபகப்படுத்துவது அப்படித்தான், சொன்னவரின் குரலைத் தேடுவார். "மூணு. மூணுன்னு சொன்னான். அன்னைக்கு மழ பேஞ்சுச்சு."

"ஒண்ணையே காபந்து பண்ண முடியல, அதுக்கு மூணாம்ல" என்று நண்பன் எழுதினான்.

அடுத்த நான்கு கேள்விகளுக்கு மழையும் உதவவில்லை. நண்பன் என்ன செய்தான் என்று தாள் திருத்தும்போதுதான் தெரிந்தது. மைக்காரர் சிரிக்க ஆரம்பித்து, "ஏழாம் நம்பர் டேபிள், எல்லாத்துக்கும் ஈ ஈன்னு எழுதிருக்கீங்களே, என்னங்க அது?" என்று கேட்டார்.

எங்கள் தேர்வில் ஏ, பி, சி, டி தவிர ஈ என்று ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. விடை தெரியவில்லை என்று பொருள். தெரியாவிட்டால் சும்மா விடக் கூடாது, அதைக் கறுப்பாக்க வேண்டும். இரண்டு வருஷப் பழக்கம் அவன் கையை விட்டுப் போகவில்லை. பக்கத்து மேசையில் கல்லூரிப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு மதிப்பெண்.

சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் அக்கா பேச்சை எடுத்தார்.

"இந்தத் தடவ நான் ரெண்டு பாகம் எடுத்துக்கிறேன். அறிவியலும் எனக்கு. அவன் இல்லைல்ல. நீ வரலாற மட்டும் சொல்லுப்பு, போதும். வேலைக்குப் போறவன, அம்புட்டுதான் கேக்க முடியும்."

"ஞாயித்துக்கிழம முழுக்க வாரேங்க்கா" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். வேலையில் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. அந்த இருபது நாளும் அக்காவுக்கு எப்படியாவது இந்த முறை கிடைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"திங்கக்கிழம ஒங்கடைக்கு வாரேன் தம்பி" என்று நண்பனிடம் சொன்னார் அக்கா. அவன் கடையில் ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பான். "போட்டோ பழசு போதும்ல? இல்ல புதுசா எடுக்கணுமா?"

"பழசுலதான்க்கா நீங்க சிரிக்கிறீங்க. அதையே போடுவோம்."

காலிபிளவர் வறுவல் ஒன்று சொல்லலாமா என்று அவர்கள் இருவரும் பேசி, அக்காவே விலையைப் பார்த்து முகம் சுளித்து, பிறகு "சரி சொல்லுங்க, இன்னைக்கு ஒரு நாளுதான" என்றார்.

இரண்டாவது சுற்று கை தூக்கும் சுற்று. யார் முதலில் தூக்குகிறார்களோ அவர்கள் சொல்லலாம். மைக்காரர் கேட்டார்: "தரங்கம்பாடியை ஆண்ட டென்மார்க்காரங்க, அதை இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போன வருஷம் எது? எவ்வளவுக்கு வித்தாங்கன்னு சொன்னா போனஸ்."

என் கை தானாக உயர்ந்தது. பாராட்டுக்கு ஏங்கி உயர்த்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அறிவியலில் பட்ட அவமானத்துக்கு ஈடு கட்ட வேண்டும் என்று இருந்தது. அக்கா முன்னால் என் பாகத்தை நான் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று காட்ட வேண்டும் என்றும் இருந்தது.

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தஞ்சு. பன்னெண்டர லட்சம் ரூபாய்."

மைக்காரர், "அடடா, ரெண்டும் கரெக்ட்!" என்றார். கல்லூரிப் பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். "லட்சக் கணக்கு வரைக்கும் வச்சிருக்கியே மாப்ள" என்று நண்பன் என் தோளைக் குலுக்கினான்.

அக்கா கைதட்டவில்லை. கிளாஸைப் பிடித்தபடி இருந்தார்.

"இது நம்ம பரீட்சையில வந்த கேள்விதான?"

"ஆமாக்கா."

"நான் அம்பத்தெட்டுன்னு போட்டு விட்டது."

"ஆமாக்கா."

"அன்னைக்குக் கேட்டதுக்கு நீயும் குத்துமதிப்பாப் போட்டேன்னு சொன்ன."

அப்படித்தான் சொல்லியிருந்தேன். தேர்வு முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்று நால்வரும் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, "தரங்கம்பாடி எந்த வருஷம்ப்பு, நீ சொன்ன மாரி ஞாபகமில்லையே" என்று அக்கா கேட்டார். "எனக்கே தெரியலக்கா, குத்துமதிப்பாப் போட்டேன்" என்றேன். படிக்க வேண்டிய ஒரு வரியை நான் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவர் என்னைத்தான் தேற்றினார். "விடுப்பு, ஒரு ஆளு எம்புட்டத்தான் மனசுல வைக்கிறது" என்று சொல்லி எனக்கு ஒரு வெள்ளரிக்காய் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அதே முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்பப் படிச்ச? பரீட்ச முடிஞ்சா?"

ஆமா என்று ஒரு வார்த்தை போதும். அவர் நம்பியிருப்பார். நம்ப விரும்பித்தான் அப்படிக் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்த வார்த்தை வரவில்லை.

"முன்னாடிக்கா."

தேர்வுக்கு இருபது நாள் இருந்தபோது நடந்தது அது. செலவுக்காக நான் ஒரு பயிற்சி மையத்தில் வினாத்தாள் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பணம் கட்டிய மாணவர்களுக்கென்று ஒரு தாள் தயாரானது. வரலாற்றில் இருபது வரிகள். பள்ளிப் புத்தகத்தைப் புரட்டும்போது நான் நின்று பார்க்காமல் போன வரிகள். ஒரு நகல் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்குப் போனேன். அந்த வாரம் நாங்களே வைத்துக்கொண்ட மாதிரித் தேர்வில் அக்கா என்னைவிட எட்டு கேள்வி கூடப் போட்டிருந்தார். அது மனதில் அரித்துக்கொண்டிருந்தது. அக்கா தோற்க வேண்டும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. நான் ஒரு படி முன்னால் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். ரெட்டியார்சத்திரம் பக்கம் தேங்காய் உரிக்கப் போகும் அப்பா இன்னும் கைநாட்டுத்தான் வைக்கிறார். இதையெல்லாம் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவின் அப்பாவும் கைநாட்டுத்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமும் அவர் வழக்கம்போல எங்கள் முகத்தைப் பார்த்து, பாக்கி இருக்கா என்று கேட்டார். நான் இல்லக்கா என்றேன். மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கடுத்த நாள் அது இரண்டு நாள் கணக்காகிவிட்டது. இருபது வரிகளில் தேர்வுக்கு வந்தது ஒரே ஒரு வரி. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அக்காவுக்கு முன்னால் நின்றிருந்தவர்கள் ஒன்பது பேர்.

மேசையில் இதை எல்லாம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. துண்டு துண்டாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். நண்பன் நடுவில் ஒரு முறை "ஏலே, என்னடா சொல்ற" என்றான். மைக்காரர் அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர்ட்ட ஒத்தக் கேள்வி, ஒத்தக் கேள்வின்னு சொல்லிச் சொல்லி அழுதேன்" என்றார் அக்கா. சத்தம் உயரவில்லை. "அவர்தான் சொன்னாரு, ஒரு கேள்விதான, எட்டிப் பிடிச்சிரலாம், இன்னொரு தடவ எழுதுன்னு."

நான் நிமிர்ந்தபோது அவர் ஸ்டூல் காலியாக இருந்தது.

வெளியே ஓடினேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. பஸ் நிறுத்தத்தில், வேலை முடிந்து வந்த மில் பெண்களுக்கு நடுவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விட்டு இரண்டடி தள்ளி வந்தார்.

"அக்கா, நாலு அடி அடிச்சிருங்கக்கா."

"அடிச்சா ஒனக்கு லேசாயிரும். எனக்கு?"

"ஞாயித்துக்கிழம மட்டும் இல்லக்கா, தெனமும் வாரேன். ஆபீஸ் முடிஞ்சு ஆத்தூருக்கே வாரேன். எல்லாப் பாகத்தையும் நானே படிச்சுச் சொல்றேன்."

"அந்த ஒரு கேள்விய விடு. நீ ரெண்டு வருசமாச் சொன்னது பூராம் இப்ப என் மண்டைக்குள்ள இருக்கு. அதுல எத முழுசாச் சொன்ன, எதப் பாதி சொன்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? இனிமே நீ சொல்லச் சொல்ல நான் ஒம் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருப்பேன். பாடம் ஏறாது."

"எல்லாம் முழுசாச் சொன்னதுதான்க்கா. அந்த ஒரு தாளு மட்டுந்தான்."

"அதையும் நீதான சொல்ற."

பஸ் வருகிறதா என்று அக்கா எட்டிப் பார்த்தார்.

"தனியா ஒக்காந்து நாலு புத்தகம் படிக்க எனக்கு நேரமில்லப்பு. ஒனக்கே தெரியும். எனக்கு இருந்தது காது மட்டுந்தான். அத வச்சுத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன்." செம்பட்டி வழி பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பினார். "நான் எழுதல. ஒங்கூட வேல பாக்குறவுககிட்ட இப்படி இருந்துறாதப்பு."

அப்பு என்று கூப்பிடும் பழக்கம் அந்த நேரத்திலும் அவருக்குப் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது அந்த ஒரு சொல்லால்தான். நான் உணவகத்துக்குத் திரும்பவில்லை. நேராக நடந்துபோய் வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டேன். சேர்ந்து இருபத்திரண்டாம் நாள் விடுப்பா என்று மேலாளர் முறைத்தார். மத்தியானத்திலிருந்து நண்பனின் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவன் கணினியில் அக்காவின் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, போன முறை கொடுத்த பதிவு எண்ணைப் போட்டு, சிரிக்கும் பழைய புகைப்படம் வரைக்கும் ஏற்றி வைத்திருந்தான். அதற்கு மேல் போக அக்காவின் போனுக்கு வரும் எண் வேண்டும். என்னோடு அவன் அதிகம் பேசவில்லை. மாப்ள என்று கூப்பிடாமல் "இந்தா, டீ" என்று மட்டும் சொன்னான். ரீசார்ஜுக்கு ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறை வாசலில் நிழல் விழும்போதும் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

நான்கு மணிக்கு அவன் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான், நான் இருப்பதைச் சொல்லவில்லை.

"யக்கா, எல்லாம் போட்டு வச்சிட்டேன். ஒங்களுக்கு ஒரு நம்பர் வரும், அத மட்டும் சொல்லுங்க. நான் சொல்லித் தாரேன்க்கா எல்லாத்தையும். நடப்பு நிகழ்வு, கணக்கு, வரலாறு, எல்லாம் நானே படிக்கிறேன்."

அந்தப் பக்கம் பூ கொட்டி எடை போடும் சத்தம் கேட்டது. அக்கா சிரித்தார். அது அவனுக்காகச் சிரித்த சிரிப்பு.

"நீ படிச்சு நான் பாஸாகவா? போ தம்பி. கடையப் பாரு." பிறகு "வேணாம்ப்பா. மில்லு ஸ்கூல்ல ஆயா வேலைக்குச் சொல்லிருக்கேன். ஒண்ணாந்தேதி வரச் சொல்லிருக்காக. நம்பர் வந்தாலும் சொல்ல மாட்டேன், அனுப்பாத" என்றார்.

நண்பன் போனை வைத்துவிட்டு, திரையில் அக்காவின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு பக்கத்தை மூடினான்.

நான் எழுந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "சனிக்கிழம எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன்.

அவன் முறைப்பான் என்று நினைத்தேன். ஆனால் சொன்னான். "உள்ள போக டீமுக்கு நானூறு. ஜூஸு மூணு, நூத்தி எம்பது. வறுவலு நூத்தி நாப்பது. அது வந்தப்ப நீங்க ரெண்டு பேருமே இல்ல. ஒத்த ஆளா ஒக்காந்து அதப் பாத்துட்டு இருந்தேன். கடைசி ரெண்டு சுத்துக்குக் கேள்வி கூடக் காதுல விழல."

"ஆளுக்கு எரநூத்தி நாப்பதா? எம்பங்கும் அக்கா பங்கும் சேத்து நான் தந்துர்றேன்."

"அது பங்க நீ குடுக்காத" என்றான் சட்டென்று. "போறப்பவே எரநூத்தி அம்பது ரூவாய எண்ணிக் கிளாஸுக்கு அடியில வச்சிட்டுத்தான் போச்சு. நீ குனிஞ்சு ஒக்காந்திருந்த. பத்து ரூவா நான் அதுக்குத் தரணும். நானே போய்க் குடுத்துக்கிறேன்."

என் பங்கை அவன் போனுக்கு அனுப்பினேன். வந்துவிட்டது என்று இயந்திரக் குரல் அறிவித்தது. அவன் ஒரு பில்லின் பின்பக்கம் மூன்று வரியையும் எழுதிக் கூட்டிக் காட்டினான். அந்தச் சாயங்காலத்துக்கு எங்கள் மூவருக்கும் ஆன மொத்தச் செலவு எழுநூற்று இருபது ரூபாய்.